நடுவில் இருந்த ஒன்பது கிலோமீற்றர்

தம்பி,

நாங்கள் இருவரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் நோவு மட்டும் அப்படியே இருக்கிறது. கடிதத்தைக் கண்டதும் பயந்துவிடாதே, வீட்டில் யாருக்கும் நோய் வருத்தமில்லை. ரெலிபோனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். இரண்டு தரம் முயன்றேன். முதல் தரம் உன்னோடு ஒரே வீட்டில் இருக்கும் அந்த மதுரைப் பெடியன் எடுத்தான். "அங்கிள், அவன் டிக்கெட் விஷயமா வெளியே போயிருக்கான். ஏதாவது மெசேஜ் சொல்லணுமா?" என்று கேட்டான். நல்ல பிள்ளை. ஆனால் இது இன்னொருவர் வாயால் சொல்லி அனுப்புகிற செய்தி இல்லை, அதனால் ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன். இரண்டாம் தரம் நீயே எடுத்தாய். நான் வாயைத் திறக்குமுன், "அப்பா, நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. உங்களில ஒரு பிழையும் இல்லை. அவங்கள் எங்களை நம்பேல்லை, அவ்வளவுதான்" என்று என்னைத் தேற்றினாய். அதற்குப் பிறகு நான் என்ன பேசுவது? அங்கே மழையா என்று கேட்டேன். லைப்சிக்கை விட்டு நீ போய் இருக்கிற அந்த ஆஹென் நகரில் எப்போதும் மழைதான் என்றாய். இரண்டு பேரும் சிரித்தோம். வைத்துவிட்டேன்.

அடுத்த மாதம் நீ கனடாவுக்குப் போகிறாய். மாமாவின் பலசரக்குக் கடையில் நிற்கப் போகிறாய். வானிலை படித்த பிள்ளை கறிவேப்பிலைப் பெட்டி இறக்கப் போகிறது என்று அம்மா இரண்டு நாள் அழுதாள், மூன்றாம் நாள் போய் உனக்குச் சூட்கேஸ் வாங்கி வந்தாள். சொந்தக்காரர் எல்லாரும் உன் பக்கம். கறுப்புத் தோல் என்பதால் ஜேர்மன்காரர் ஒரு தமிழ்ப் பிள்ளை பட்டத்துக்கு எழுதிய டிப்ளோம் ஆய்வைத் தூக்கி எறிந்தார்கள் என்று லண்டன்வரை கதை போயிருக்கிறது. நீ கனடா போவதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம், அதில் நான் தலையிடவில்லை. ஆனால் நீ சொல்லிக்கொண்டு போகிற காரணம் சரியில்லை. போன வருடத்துப் பனிக்காலப் புயலுக்குப் பிறகு, அந்தப் பைன் காட்டில் ஒன்பது கிலோமீற்றருக்கு மரங்கள் எப்படி விழுந்து கிடந்தன என்று என்னிடம் கேட்டாய். நான் சொன்னது ஒன்று, கிடந்தது வேறொன்று. தெரிந்தே சொன்னேன்.

இனி ஒழுங்காக எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்து எழுதுவேன், சலிக்காதே. விட்டு விட்டு எழுதினால் இந்த வயதிலும் நான் எங்காவது ஒளிந்துகொள்வேன். காற்று விழுத்திய மரங்களை அறுத்து அகற்றுவது என் வேலை. எங்கே புயல் அடிக்கிறதோ அங்கே எங்கள் கொம்பனி போகும். மற்றவர்கள் வீட்டுக் கூரையைப் பார்த்து அழுதுகொண்டிருக்க, நாங்கள் மோட்டர் வாளோடு போய் இறங்குவோம். விழுந்து கிடக்கிற மரத்தை அறுப்பது நிற்கிற மரத்தை அறுப்பது போல் இல்லை. அது வளைந்து, ஒன்றன்மேல் ஒன்று அமர்ந்து, விசையை உள்ளே வைத்துக்கொண்டு கிடக்கும். தவறான பக்கத்தில் வாளை வைத்தால் தண்டு துள்ளி நெஞ்சில் அடிக்கும். வேரோடு பெயர்ந்த மரமென்றால், தண்டை அறுத்ததும் வேர் மண்ணோடு நிமிர்ந்து பழையபடி தன் குழிக்குள் விழும். அந்தக் குழியில் நின்றவனின் கதை முடிந்தது. அதனால் ஒவ்வொரு மரத்திலும் வாள் வைக்குமுன் அது எந்தப் பக்கம் விழுந்தது, எதன்மேல் கிடக்கிறது என்று பார்த்தே ஆகவேண்டும். பதினேழு வருடமாக நான் அப்படிப் பார்த்துத்தான் உயிரோடு வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறேன்.

அந்தப் புயல் ஜேர்மனி முழுவதும் அடித்த புயல்தான். ஆனால் சாக்சன்-அன்ஹால்ட், சாக்சனி, பிராண்டன்பேர்க் என்று மூன்று மாநிலங்களும் வந்து முட்டுகிற மூலையில் அதற்குள்ளே இன்னொன்றும் நடந்திருக்கிறது என்று கண்டவன் நீ. மேற்கே ஒரு கிராமத்தில் தோட்டக் குடில்கள் நொறுங்கியிருந்தன. கிழக்கே பிராண்டன்பேர்க்கில் ஒரு பண்ணைக் கூரை பறந்திருந்தது. ஒவ்வொரு மாநிலத்து அலுவலகமும் தன் எல்லைவரை பார்த்து எழுதிவிட்டுக் கோப்பை மூடிவிட்டது. எல்லைக்கு அப்பால் என்ன ஆனது என்று ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. இவை வேறு வேறு காற்றில்லை, ஒரே டோர்னாடோ, ஒரே சுழல்காற்று மூன்று மாநிலங்களையும் கடந்து ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் தரையை விட்டு எழும்பாமல் போயிருக்கிறது என்பது உன் எண்ணம். இந்த நாட்டில் அவ்வளவு நீளமான தடம் கிடைப்பது மிக அரிது, அதை முழுதாக வரைந்து காட்டினால் போதும் என்றாய். டிப்ளோம் ஆய்வுக்கு அதையே எடுத்தாய். நீ ரெலிபோனில் சொன்னபோது இடத்தின் பெயரை இரண்டு தரம் கேட்டேன், ஏனென்றால் நான் அப்போது அதே மூலையில், அதே காட்டில் அறுத்துக்கொண்டிருந்தேன்.

லைப்சிக் பல்கலைக்கழகத்தில் சோதனை எழுதி முடித்ததும் வந்தாய். நான் லீவு எடுத்து உன்னை என் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு மூன்று நாள் திரிந்தேன். மடியில் வரைபடம், காதில் பென்சில், கழுத்தில் கமரா. எது எந்தப் பக்கம் விழுந்திருக்கிறதோ அந்தப் பக்கத்துக்கு வரைபடத்தில் ஓர் அம்புக்குறி போட்டாய். வேலிக்கம்பம், ஓடு, ஆப்பிள் மரம், எதையும் விடவில்லை. கதவைத் தட்டி ஒவ்வொரு வீட்டிலும் அதே கேள்விகளைக் கேட்டாய். முதலில் நம் முகத்தைப் பார்ப்பார்கள், பிறகு காப்புறுதிக் கொம்பனியா என்று கேட்பார்கள், இல்லை என்றதும் ஏமாற்றத்தோடு சொல்லத் தொடங்குவார்கள். ஒரு தோட்டக்காரர் நினைவிருக்கிறதா? தன் கண்ணாடிக் குடில் மறைந்துவிட்டது, அது நின்ற இடத்தில் யாருடையதோ தபால்பெட்டி வந்து விழுந்திருக்கிறது, திறந்து பார்த்தால் அதிலும் எல்லாம் பில் என்றார். சாக்சனியில் ஒரு கமத்து வயலின் நடுவில் குப்பைத் தொட்டி ஒன்று கிடந்தது. அதில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பக்கத்து மாநிலத்தது. அதை யார் எடுத்துப் போவது என்று இரண்டு அலுவலகங்கள் கடிதம் எழுதிக்கொண்டிருக்க, நீ அதைக் கட்டிப்பிடிக்காத குறையாகப் படம் எடுத்தாய்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்த மூன்று நாட்களைப் போல நான் என் வாழ்க்கையில் சந்தோசமாக இருந்ததில்லை. இந்த நாட்டுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல், ஒருவரும் என்னிடம் எதைப் பற்றியும் நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டதில்லை. இங்கே வெட்டு, அங்கே அடுக்கு, இங்கே கையெழுத்துப் போடு, அவ்வளவுதான். நீ கேட்டாய். இந்த மரம் முறிந்ததா, முறுக்கி எடுக்கப்பட்டதா என்று கேட்டாய். நான் சொன்னதை எழுதினாய். முதல் இரண்டு நாளும் நான் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. அதை நீ நம்பவேண்டும் என்று கேட்க எனக்கு இப்போது முகமில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் அந்தக் காட்டுக்கு வந்தோம். நாங்கள் அதற்குள் அறுத்து முடித்திருந்தோம். ஒன்பது கிலோமீற்றருக்கு அடிக்கட்டையும் இயந்திரத் தடமும் மட்டும் இருந்தன. பெயர்ந்த வேர்களையும் ஆபத்து என்று குழிக்குள் தள்ளி மூடியாயிற்று. மரங்கள் பாதையோரம் நீளத்துக்கு அடுக்கிக் கிடந்தன. அடுக்கிய மரத்தைப் பார்த்து அது விழுந்த பக்கத்தை யாரும் சொல்ல ஏலாது. நீ வான் வண்டியை விட்டு இறங்கவில்லை. வரைபடத்தில் உன் அம்புக்குறிகள் காட்டின் மேற்கு விளிம்புவரை வந்து நின்றன, கிழக்கு விளிம்பில் மறுபடி தொடங்கின. நடுவில் வெள்ளைத் தாள். அது நிரம்பினால் ஒரு நீண்ட தடம், நிரம்பாவிட்டால் இரண்டு குட்டித் தடங்கள். இரண்டு குட்டித் தடங்களை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள் என்று அதற்கு முதல்நாள்தான் சொல்லியிருந்தாய்.

"அப்பா, இஞ்ச அறுத்தது நீங்கள்தானே?"

"ஓம், நாங்கள்தான்."

"மரம் எப்பிடிக் கிடந்தது? எல்லாம் ஒரே பக்கம் சரிஞ்சு கிடந்ததெண்டா அது நேர்காற்று. குறுக்கும் மறுக்குமாக் கிடந்ததெண்டாத்தான் சுழல். வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ."

எந்தப் பதில் உனக்கு வேண்டும் என்று எனக்குக் காட்டிவிட்டுக் கேட்டாய். என்னைப் போன்றவனிடம் அப்படிக் கேட்கக் கூடாது. நான் யோசிக்கவே இல்லை. "குறுக்கும் மறுக்குமாத்தான் கிடந்தது" என்றேன். "கடைசிவரைக்குமோ?" என்றாய். "ஓம், கடைசிவரைக்கும்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். தெற்குப் பக்கத்து மரங்கள் வடகிழக்கே பார்த்தும் வடக்குப் பக்கத்து மரங்கள் தென்கிழக்கே பார்த்தும் கிடந்தன என்றேன், ஓரிடத்தில் இரண்டு தண்டுகளுக்கிடையில் என் வாள் இறுகி அரைமணி நேரம் நின்றேன் என்றேன். வாள் இறுகியது உண்மை, ஆனால் அது மேற்கே, ஆற்றங்கரைத் துண்டில். நீ பென்சிலை எடுத்தாய். நீ அம்புக்குறி போடப் போட எனக்கு வயிறு குளிர்ந்தது.

உண்மை இதுதான். அந்த ஒன்பது கிலோமீற்றரும் சீவிவிட்ட தலைமயிர் போல எல்லா மரமும் ஒரே பக்கம், கிழக்கே தலைவைத்துக் கிடந்தன. அந்த வேலை முழுவதிலும் எங்களுக்கு இலகுவாக இருந்த துண்டு அதுதான். ஒன்றன்மேல் ஒன்று சிக்கவில்லை, யாரும் பயப்படவில்லை. என்னோடு நின்ற போலந்துக்காரன் பாட்டுப் பாடிக்கொண்டு அறுத்தான். இப்படி ஒழுங்காக விழுத்தின காற்றுக்கு ஒரு போத்தல் வாங்கிக் கொடுக்கவேண்டும் என்று சொன்னான். நான் சிரித்தேன். இவ்வளவும் நினைவில் இருக்கும்போதுதான் உன் பக்கத்தில் இருந்துகொண்டு அப்படிச் சொன்னேன்.

ஏன் சொன்னாய் என்று கேட்பாய். உனக்கு உதவி செய்ய என்று இவ்வளவு நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். கிழக்கு பேர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி மேற்கு பேர்லினுக்குள் வந்து, அகதி விசாரணைக்குக் காத்திருந்த நாட்களில், எங்களுக்கு மொழிபெயர்க்க வந்த அண்ணை ஒருவர் எல்லாரையும் இருத்தி வைத்துச் சொன்னார்: "கதைக்கு நடுவில ஓட்டை விடாதேங்கோ. எங்க இருந்தனீங்கள், எங்க போனனீங்கள், நாள் நாளாச் சொல்லுங்கோ. ஓட்டை இருந்தா அதுக்குள்ளாலதான் பிடிப்பாங்கள்." எங்கள் வீட்டை எரித்தது உண்மை. என் முதுகில் விழுந்த அடி உண்மை. ஆனால் அதற்குப் பிறகு கொழும்பில் மூன்று கிழமை, இருபத்தொரு நாளும், நான் ஓர் அறைக்குள் பயத்தில் சுருண்டு கிடந்தேன். சாப்பிட்டேன், படுத்தேன், கடுதாசிச் சீட்டு விளையாடினேன். அதை ஒரு அதிகாரியிடம் எப்படிச் சொல்வது? எனக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்தவன் மூன்று கிழமை தடுப்பு முகாமில் இருந்தவன். அவனுடைய மூன்று கிழமையை எடுத்து என் ஓட்டையில் வைத்தேன். அதிகாரி தலையை ஆட்டி எழுதிக்கொண்டார்.

பிறகு உனக்கும் அதையே சொல்லி வளர்த்தேன். பள்ளிக்கூடத்தில் என் அப்பா என்று கட்டுரை வாசித்தாய். முகாமைப் பற்றி வாசித்தபோது வகுப்பே அசையாமல் இருந்தது என்று ஓடிவந்து சொன்னாய். அன்றைக்கு உன்னை இருத்தி, மகனே, அது நான் இல்லை என்று சொல்லியிருக்கவேண்டும். உன் முகத்தைப் பார்த்தேன், விட்டுவிட்டேன். உண்மையாக எனக்கு நடந்ததே போதுமாயிருந்திருக்கும், அதுவே என்னை இங்கே இருக்க விட்டிருக்கும். ஆனால் அந்தப் பொய்தான் என்னைக் காப்பாற்றியது என்று நம்பிவிட்டேன். அப்படி நம்பியவன் எங்கே வெள்ளைத் தாளைக் கண்டாலும் நிரப்புவான்.

இலையுதிர் காலத்தில் அது வெடித்தது. உன் ஆய்வைப் படித்த இரண்டாவது ஆசிரியர், புயலுக்கு இரண்டு நாள் பிறகு ஒரு சின்ன விமானத்திலிருந்து எடுத்த படங்களைத் தேடி எடுத்துவிட்டார். நீ வீட்டுக்கு வந்து குசினி மேசையில் இருந்தாய், சாப்பாட்டைத் தொடவில்லை. "படத்தில எல்லாம் ஒரே பக்கமாக் கிடக்குதாம், அப்பா. அது வேற துண்டாத்தான் இருக்கவேணும். நீங்கள் இன்னொருக்கா யோசிச்சுச் சொல்லுங்கோ, ஒரே பக்கமாக் கிடந்த இடம் எங்கையும் இருந்ததோ?" என்று கேட்டாய். கதவை எனக்குத் திறந்துவிட்டாய், தம்பி. அன்றைக்கு ஒரே ஒரு சொல் சொல்லியிருந்தால் நீ இரண்டு நாள் கோபப்பட்டிருப்பாய், பிறகு திருத்தியிருப்பாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். "அவங்கள் எந்தக் காலத்தில எங்கட சொல்லை நம்பினவங்கள்? இதே சொல்லை ஒரு வெள்ளைக்காரன் சொல்லியிருந்தா படத்தைத் தூக்கி எறிஞ்சிருப்பாங்கள்." நீ நிமிர்ந்து பார்த்தாய். அம்மா சோற்றுக் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

எங்களை நம்பாத இடங்கள் இந்த நாட்டில் இல்லாமலில்லை. ரெலிபோனில் காலியாக இருந்த வீடு நேரில் போனதும் போய்விடும். கடையில் உன் பையைத் திறந்து பார்ப்பார்கள், உனக்கு முன்னால் போனவனுடையதைப் பார்க்கமாட்டார்கள். நீ சிறுவயதில் விளையாட்டுக் கழகத்திலிருந்து அழுதுகொண்டு வந்த நாளை நான் மறக்கவில்லை. அவ்வளவும் உண்மை, அவ்வளவு உண்மையையும் எடுத்து என் ஒரு பொய்க்கு முட்டுக்கொடுத்தேன். இனி உனக்கு எங்கேயாவது உண்மையிலேயே அநியாயம் நடந்தாலும், இதுவும் அப்பா சொன்ன மாதிரித்தானோ என்று நீ யோசிக்கவேண்டி வரும். இதற்காக நான் என்னை மன்னிக்கப் போவதில்லை.

அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. உன் டிக்கெட் உறுதியான அன்று அவள் உன் சட்டைகளை அயர்ன் பண்ணிக்கொண்டு, என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"இஞ்சேருங்கோ, அந்த மரங்கள் உண்மையில எப்பிடிக் கிடந்தது?"

நான் கையில் இருந்த பேப்பரை மடித்து வைத்தேன்.

"ஒரே பக்கம்தானே?"

"ஓம்."

"எனக்கு அண்டைக்குக் குசினியிலயே தெரியும். உங்கட கொழும்புக் கதை தெரிஞ்சவள் நான்."

"அப்ப ஏன் நீ அவனிட்டைச் சொல்லேல்லை?"

"நீங்கள் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டு இருந்தன்" என்றாள். சட்டையை மடித்துச் சூட்கேசில் வைத்தாள். அன்றிலிருந்து என்னோடு வீட்டுச் சாமான் பற்றி மட்டும் பேசுகிறாள். அவளிலும் எனக்குக் கோபம் உண்டு. இவ்வளவு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

உன் ஆய்வை வழிநடத்திய பேராசிரியருக்கு, நேரில் சந்திக்க டெர்மின் கேட்டு எழுதினேன். நாலு நாளில் பதில் வந்தது. லைப்சிக் போகிற ரயிலில் முழுக்க அந்த மனிதனை வெறுக்கப் பழகிக்கொண்டு போனேன், வெறுத்தால் பேசுவது சுலபமாக இருக்கும் என்று. அங்கே போனால், இருமிக்கொண்டிருக்கிற ஒரு சின்ன மனிதர். கதிரையில் இருந்த புத்தகங்களைத் தன் கையாலேயே எடுத்து வைத்து என்னை இருக்கச் சொன்னார். எனக்குக் காட்டில் பேசுகிற ஜேர்மன்தான் தெரியும். மரங்கள் எல்லாம் கிழக்கே கிடந்தன, என் மகனுக்கு நான் பொய் சொன்னேன், அவனுக்கு அது தெரியாது என்றேன். அவர் எழுந்து உன் ஆய்வை எடுத்து வந்து எனக்கு முன்னால் வைத்தார். பிறகு, உங்கள் மகன் உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லவில்லை போலிருக்கிறது என்றார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். உன் ஆய்வை அவர் தூக்கி எறியவே இல்லை. நடுவில் இருக்கும் ஒன்பது கிலோமீற்றரை எடுத்துவிட்டு இரண்டு தடங்களாகக் கொடு, மற்ற வேலை நான் இந்த அறையில் பார்த்தவற்றில் மிகக் கவனமானது, நல்ல மதிப்பெண்ணோடு முடியும் என்று உன்னிடம் சொல்லியிருக்கிறார். நீ அந்தப் படங்களை நெடுநேரம் பார்த்தாயாம். பிறகு, அந்தப் பகுதிக்குச் சாட்சி என் தகப்பன், அவர் பொய் சொல்லமாட்டார் என்று சொல்லிவிட்டு எழுந்து போனாயாம். இவ்வளவுதான் நடந்தது. தோல் இல்லை, நாடு இல்லை. வீட்டுக்கு வந்து, எறிந்துவிட்டார்கள் என்று எங்களிடம் சொன்னாய். சரி என்ற ஒரு சொல்லில் டிப்ளோமோடு வெளியே வந்திருப்பாய், அந்தச் சொல் என்னைக் குறைக்கும் என்று அதைச் சொல்லாமல் வந்தாய். நான் அந்தக் கதிரையில் இருந்து அழுதேன். அதுவரை நான் கண்டிராத அந்த ஜேர்மன்காரர் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து தந்தார்.

உன்மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். உன் கண்ணுக்கு முன்னால் படம் இருந்தது. காற்று வந்தது மத்தியானம் என்று ஒரு தோட்டக்காரர் சொன்னதை மூன்று வீட்டில் கேட்டு உறுதி செய்த பிள்ளை நீ. குப்பைத் தொட்டியின் ஸ்டிக்கரைக் குனிந்து வாசித்த பிள்ளை. தகப்பன் சொன்னதை மட்டும் ஏன் கேட்டு உறுதி செய்யவில்லை? அதை மரியாதை என்று நீ நினைக்கிறாய். எனக்கு அது ஒரு பாரமாக இருந்தது. நீ என்னைச் சந்தேகித்து ஒரு தரம் உரத்துக் கேட்டிருந்தால் நான் உடைந்திருப்பேன். வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ என்று பணிவாகக் கேட்டாய். உனக்குப் பிள்ளை பிறந்தால் அதற்கு இதைச் சொல்லிக் கொடு: அப்பா சொன்னால் போய்ப் பார்த்துவிட்டு நம்பு. நான் தருகிற புத்தி இவ்வளவுதான், வேறொன்றும் தர எனக்குத் தகுதியில்லை.

இன்னும் வழி இருக்கிறது. உன் பெயரைப் பேராசிரியர் இன்னும் பதிவிலிருந்து எடுக்கவில்லை. செப்டம்பர்வரை திருத்திக் கொடுக்கலாம் என்றார். நடுவில் இருக்கிற அம்புக்குறிகளை அழிக்கவேண்டும், சாட்சியை ஏன் விலக்கினாய் என்று ஒரு பந்தி, நாலைந்து வரி, எழுதவேண்டும். என் பெயர், விலாசம், கையெழுத்தோடு நடந்ததை எழுதி அவரிடம் கொடுத்திருக்கிறேன், அதன் பிரதி இதற்குள் இருக்கிறது. மாமாவிடம் நான் பேசிவிட்டேன். கடை எங்கேயும் ஓடிவிடாது, டிக்கெட்டை மாற்றலாம் என்றார். ஏன் என்று கேட்டார், சொன்னேன். லண்டனுக்கும் சொல்வேன். ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொல்வேன், அது என் வேலை.

நான் எழும்பும்போது பேராசிரியர் கதவுவரை வந்தார். அந்தப் பந்தியில் சாட்சிக்கு நினைவுத் தவறு ஏற்பட்டது என்று எழுதினால் போதும், வேறு விளக்கம் யாரும் கேட்கமாட்டார்கள் என்றார். என்மேல் இரங்கித்தான் சொன்னார். நீயும் அதைத்தான் எழுதப் பார்ப்பாய், எனக்கு உன்னைத் தெரியும். எழுதாதே. சாட்சி என் தகப்பன், அவர் தெரிந்தே பொய் சொன்னார் என்று உன் கையால் எழுது. அதை எழுத உனக்குக் கை வராவிட்டால், நீயும் என்னைப் போலத்தான் என்று தெரிந்துகொள்.

அப்பா